உத்தி பிரிக்கத் தெரிந்த பிள்ளைகள்

2022 டிசம்பர் கடைசியில், புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் முதலில் நோயில் படுத்தவர்கள் குழந்தைகள். காய்ச்சலும் வயிற்றுப்போக்குமாக மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களிடம், குடிக்கிற தண்ணீரைப் பாருங்கள் என்றார்கள் மருத்துவர்கள். 26ஆம் தேதி ஊர் இளைஞர்கள் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். உள்ளே மனித மலம் கிடந்தது. பட்டியல் சாதி மக்கள் வசிக்கும் பகுதிக்குத் தண்ணீர் கொடுக்கிற தொட்டி அது.

மறுநாள் விசாரிக்கப் போன மாவட்ட ஆட்சியர் கவிதா ராமுவுக்கும் காவல் கண்காணிப்பாளர் வந்திதா பாண்டேவுக்கும் வேறு இரண்டு செய்திகள் காத்திருந்தன. தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை புழக்கத்தில் இருந்தது. அய்யனார் கோவிலுக்குள் இந்த மக்களை விடுவதில்லை. அன்றே அவர்களைக் கோவிலுக்குள் அழைத்துப் போனார்கள். தொட்டி வழக்கு பிறகு சிபிசிஐடி கைக்குப் போனது. 2025 ஜனவரியில் அதே ஊரைச் சேர்ந்த மூவர்மீது குற்றப்பத்திரிகை தாக்கலானது. ஊர்மக்கள் அதை ஏற்கவில்லை. அது நீதிமன்றம் பார்க்க வேண்டிய வேலை. இந்தக் கட்டுரைக்கு வேண்டியது அந்த இரட்டைக் குவளை மட்டும்தான். அதைத் துப்பறிந்து கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. பட்டப்பகலில், எல்லார் கண்ணெதிரிலும் அலமாரியில் இருந்தது.

அந்தக் கடையில் டீ குடித்தவர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படித்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். தீண்டாமையைப் பாவம் என்றும் குற்றம் என்றும் மனிதத்தன்மை இல்லாத செயல் என்றும் அடுத்தடுத்து மூன்று தரம் சொல்லும் வாசகத்தைப் பல பத்தாண்டுகளாக நம் பாடநூல்களின் முன்பக்கத்தில் அச்சிட்டு வருகிறோம். காலை வழிபாட்டில் இந்தியர் அனைவரையும் உடன்பிறப்பாக ஏற்கும் உறுதிமொழியைச் சொல்லவைக்கிறோம். விசாகப்பட்டினத்தில் கருவூல அதிகாரியாக இருந்த பைடிமர்ரி வெங்கட சுப்பாராவ் 1962இல் தெலுங்கில் எழுதியது அது. 1965 குடியரசு நாளிலிருந்து நாடு முழுக்கப் பள்ளிகளில் ஒலிக்கிறது. பன்னிரண்டு ஆண்டுகள் தினமும் சொன்ன ஒரு வாக்கு, தெருமுனைக் கடையின் ஒரு குவளைக்கு முன்னால் தோற்றுப்போகிறது என்றால் பிள்ளைகளுக்கு நாம் எதை, எந்த வயதில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று கேட்கத்தான் வேண்டும்.

வயதில்தான் முதல் கோளாறு. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் குடிமையியல் தனிப் பகுதியாக வருவது ஆறாம் வகுப்பில். பன்முகத்தன்மை, சமத்துவம், அரசமைப்புச் சட்டம், உள்ளாட்சி எல்லாம் 2018க்குப் பிறகு வந்த ஆறாம் வகுப்புப் புத்தகத்தில் நன்றாகவே எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் பதினோரு வயது. அதற்குள் அது நாலைந்து வருஷமாகத் தூக்குவாளியோடு டீக்கடைக்குப் போய் வந்துகொண்டிருக்கிறது. எந்த வீட்டுத் திண்ணையில் உட்காரலாம், எந்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கக் கூடாது என்பதை யாரும் பாடமாக நடத்தாமலே கற்று முடித்திருக்கிறது.

புதுக்கோட்டைச் சீமை ஏரி, குளம், ஊருணிகளின் நாடு. காவிரிப் பாசனத்தின் கை பெரும்பகுதிக்கு எட்டாது. மழை பெய்து குளம் நிறைந்தால்தான் உண்டு. குடிநீர் ஊருணியில் கால் நனைக்கக் கூடாது, துணி அலசக் கூடாது, மாட்டை இறக்கக் கூடாது என்பதெல்லாம் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இடுப்புக் குடத்தோடு நடக்கிற அம்மாவின் பின்னால் ஓடும்போதே தெரிந்துவிடும். பொதுச்சொத்தைக் காப்பது என்று புத்தகம் சொல்வதன் முழு வடிவம் இது. காவல்காரன் இல்லாமலே பல தலைமுறை நின்ற ஒழுங்கு. ஆனால் அதே படித்துறையில் அதே பிள்ளை இன்னொன்றையும் கற்றது: யார் இறங்கலாம், யார் தள்ளி நின்று ஊற்றச் சொல்லி வாங்க வேண்டும் என்பதை. இரண்டையும் சொல்லிக்கொடுத்தது ஒரே வாய், ஒரே குரல். இரண்டுக்கும் காரணம் கேட்டால் வந்த பதிலும் ஒன்றே: “அது அப்படித்தான்.”

சின்னப் பிள்ளைக்கு இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியுமா? தெரியும் என்பதுதான் கடந்த ஐம்பது ஆண்டு ஆய்வுகளின் வியப்பான முடிவு. அமெரிக்க உளவியலாளர் எலியட் டூரியலும் அவர் வழிவந்தவர்களும் நாலைந்து வயதுப் பிள்ளைகளிடமே எளிய கேள்விகளைக் கேட்டார்கள். டீச்சர் சம்மதித்தால் சீருடை போடாமல் வரலாமா? வரலாம் என்கிறது குழந்தை. டீச்சர் சம்மதித்தால் பக்கத்தில் இருப்பவனை அடிக்கலாமா? கூடாது, டீச்சர் சொன்னாலும் கூடாது, அவனுக்கு வலிக்கும். பெரியவர்கள் ஏற்படுத்திய வழக்கம் வேறு, பிறருக்குத் தீங்கு செய்யாத நியாயம் வேறு என்பது பள்ளியில் காலெடுத்து வைக்கும்போதே பிள்ளையிடம் இருக்கிறது.

இதற்கு மறுப்பு இந்தியாவிலிருந்தே வந்தது. ரிச்சர்ட் ஷ்வேடரும் மனமோகன் மகாபாத்ராவும் ஜோன் மில்லரும் புவனேஸ்வரத்தின் பழைய கோவில் நகரில் பிராமணக் குடும்பங்களிலும் தீண்டப்படாதவர்களாக வைக்கப்பட்ட குடும்பங்களிலும் ஆய்வு செய்து 1987இல் வெளியிட்டார்கள். அப்பா இறந்த மறுநாள் மூத்த மகன் முடி வெட்டிக்கொண்டு கோழிக்கறி தின்றால் என்ன என்று கேட்டதற்கு, அங்கே பிள்ளைகளே அதை மிகக் கொடிய தவறுகளில் ஒன்றாகச் சொன்னார்கள். சிகாகோக் குழந்தைகளுக்கு அதில் தவறே தெரியவில்லை. பார்த்தீர்களா, வழக்கத்துக்கும் நியாயத்துக்கும் இடையிலான கோடு ஊருக்கு ஊர் மாறுகிறது என்றார்கள் இவர்கள். டூரியல் தரப்பின் பதில் எனக்கு இன்னும் கூர்மையாகப் படுகிறது. புவனேஸ்வரத்துப் பிள்ளையும் தீங்கைத்தான் கணக்குப் பார்க்கிறது. மகன் கறி தின்றால் அப்பாவின் ஆன்மா துன்பப்படும் என்று அதற்குச் சொல்லப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். மனசாட்சி ஒன்றுதான். அதற்குக் கொடுக்கப்பட்ட தகவல் வேறு.

இதைப் புதுக்கோட்டைக்குக் கொண்டுவந்து பார்க்கலாம். “அவங்க கோவிலுக்குள்ள வந்தா சாமி குத்தம் ஆயிடும், ஊருக்கு மழை பெய்யாது” என்று நம்புகிற ஏழு வயதுப் பிள்ளைக்கு நெஞ்சில் ஈரம் இல்லாமல் போய்விடவில்லை. ஊருக்குக் கெடுதல் வரக் கூடாது என்றுதான் அது நினைக்கிறது. அதனிடம் போய் எல்லாரிடமும் அன்பாக இரு என்று பாடம் நடத்துவது, ஏற்கெனவே இருப்பதையே திரும்பக் கொடுப்பது. திருத்த வேண்டியது அதன் காதில் போடப்பட்ட பொய்யை. பொய் உடைவது வசனத்தால் இல்லை. சேர்ந்து சாப்பிட்டு, ஒரே குழாயில் தண்ணீர் பிடித்து, ஒன்றும் ஆகவில்லை என்று தானே கண்டுகொள்வதால்.

அதனால் ஆறு வயதுக்குள்ளான குடிமைக் கல்வி என்றால் நான் அங்கன்வாடியின் சாப்பாட்டு நேரத்தைத்தான் சொல்வேன். கொடி பிடிப்பதும் தலைவர்களின் வேஷம் கட்டுவதும் பெற்றோர் கைபேசியில் படம் எடுக்க உதவும். தட்டை வைத்துக்கொண்டு வரிசையில் காத்திருப்பது, தனக்குப் பிடித்த முட்டை பக்கத்துப் பிள்ளைக்கும் உண்டு என்று தெரிவது, யார் சமைத்தாலும் சாப்பிடுவது – அந்த வயதில் குடியரசு என்பது இதுதான். யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பது தமிழகத்தில் ஒரு காலத்தில் அரசியலையே புரட்டிப் போட்ட கேள்வி. 1920களில் வ.வே.சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி என்று தெரிந்ததும் எழுந்த புயலை நாம் மறக்கவில்லை. 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தைப் பசியின் கணக்கில் மட்டும் வரவுவைக்கிறோம். பந்தியின் கணக்கிலும் வைக்க வேண்டும்.

ஏழு வயதுக்கு மேல் கதை வேறு. இப்போது பிள்ளைக்கு விதிகள்மேல் ஆசை வருகிறது. ஸ்விட்சர்லாந்தின் ழான் பியாஜே 1932இல் வெளியிட்ட நூலுக்காகக் கோலி விளையாடும் பையன்களிடம் உட்கார்ந்து, இந்த ஆட்டத்தின் சட்டத்தை யார் போட்டது, மாற்றலாமா என்று கேட்டுக்கொண்டே போனார். சின்னவர்களுக்குச் சட்டம் அப்பாவிடமிருந்தோ கடவுளிடமிருந்தோ ஊர் நிர்வாகத்திடமிருந்தோ வந்தது, தொடக் கூடாது. பத்துப் பதினோரு வயதை எட்டியவர்களுக்கோ, எல்லாரும் ஒத்துக்கொண்டால் மாற்றலாம். சட்டம் மேலிருந்து இறங்குவது என்ற எண்ணம் போய், நாம் கூடிப் போட்டது என்ற எண்ணம் வரும் இடம் அது. அந்த மாற்றத்தைப் பிள்ளைகளிடம் கொண்டுவந்தது ஆசிரியரோ அப்பாவோ இல்லை, சம வயதுக் கூட்டாளிகளோடு போட்ட சண்டையும் சமாதானமும் என்றார் பியாஜே.

நம் தெருவில் இதற்கு இன்னும் நுட்பமான ஏற்பாடு உண்டு. கபடிக்கோ கிட்டிப்புள்ளுக்கோ அணி சேர்க்கும்போது உத்தி பிரிப்பார்கள். சம பலமுள்ள இருவர் தோளில் கைபோட்டுக்கொண்டு ஒதுங்கிப் போய், தங்களுக்கு ரகசியப் பெயர் வைத்துக்கொண்டு வருவார்கள். ஒருவன் சூரியன், இன்னொருவன் சந்திரன். இரண்டு தலைவர்களில் ஒருவன் ஒரு பெயரைக் கேட்பான். யார் எந்தப் பெயருக்குள் இருக்கிறான் என்று அவனுக்குத் தெரியாது. அண்ணன் தம்பி, சொந்த சாதி, பணக்கார வீட்டுப் பையன் என்று பார்த்து எடுக்க வழியில்லை. தன் இடம் எதுவென்று தெரியாத திரைக்குப் பின்னால் நின்று சமூகத்தின் விதிகளை வகுத்தால்தான் அவை நியாயமாக இருக்கும் என்று அமெரிக்க மெய்யியலாளர் ஜான் ரால்ஸ் 1971இல் ஒரு தடித்த புத்தகம் எழுதினார். அந்தத் திரையைப் புழுதிக் காட்டில் தினமும் மாலையில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தவர்கள் நம் பத்து வயதுப் பையன்கள். பையன்கள் என்று சொல்லும்போதே குறை தெரிகிறது. பெண் பிள்ளைகள் பாண்டிக் கட்டத்தோடு வேறு மூலையில் இருந்தார்கள். சேரிப் பிள்ளைகள் பல ஊர்களில் வேறு திடலிலேயே இருந்தார்கள்.

ஒப்புக்குச் சப்பாணியையும் இங்கே சொல்ல வேண்டும். கூடவே வந்துவிட்ட தம்பியையோ தங்கையையோ விரட்டாமல் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வார்கள். ஓடலாம், தொடலாம், ஆனால் அவுட் கிடையாது, புள்ளியும் கிடையாது. பெயர் இன்றைக்குக் காதுக்கு நன்றாக இல்லை. ஏற்பாடு நன்றாக இருக்கிறது. அந்தப் பிள்ளை இரண்டு கோடை விடுமுறைக்குள் எல்லா விதியையும் கற்றுக்கொண்டு முழு ஆட்டக்காரன் ஆகிவிடும். வயதுக்கேற்ற குடிமைப் பயிற்சி என்று குழு போட்டு யோசித்தாலும் இதைவிட நல்ல வழி கிடைக்குமா என்பது சந்தேகம்.

பள்ளி இதை இரண்டு விதத்தில் கெடுத்துவைத்திருக்கிறது. ஒரே வயதுப் பிள்ளைகளை ஓர் அறையில் அடைத்ததால் பெரியதிடமிருந்து சின்னது கற்கும் வழி அடைபட்டது. 2024 நவம்பரில் அரசுப் பள்ளிகளில் வந்த ‘மகிழ் முற்றம்’ குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து அணிகளாக வகுப்புகளைக் கலக்கிறது. அந்த அளவில் நல்ல யோசனை. இரண்டாவது கெடுதல் வகுப்புத் தலைவன் என்ற பதவி. நம் பிள்ளைகள் வாழ்க்கையில் சந்திக்கிற முதல் அதிகாரி அவன்தான். அவனுடைய ஒரே கடமை, டீச்சர் இல்லாதபோது பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது. வேண்டியவன் பெயரை அழிப்பதும் வேண்டாதவன் பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி போடுவதும் அவன் விருப்பம். ஆட்சி என்றால் கண்காணிப்பது, அதிகாரம் என்றால் சலுகை கொடுப்பது என்பதை இதைவிடச் சுருக்கமாக எந்தப் பாடமும் நடத்தாது.

வகுப்பறையில் கருத்து மாறுபாட்டைப் பேச இடம் இருக்கிறதா என்பது பெரிய விஷயம். எட்டாம் வகுப்பை ஒத்த வயதினரிடம் ஐ.ஈ.ஏ. என்ற பன்னாட்டு அமைப்பு 2009, 2016, 2022 ஆண்டுகளில் நடத்திய குடிமைக் கல்வி ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிய வந்தது இது. திறந்த விவாதம் நடக்கும் வகுப்பின் பிள்ளைகளுக்குக் குடிமை அறிவும் கூடுதல், பின்னாளில் ஓட்டுப் போடும் எண்ணமும் கூடுதல். நம்மூரில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு அந்த இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. கிராம சபை ஆண்டுக்கு எத்தனை முறை கூடும் என்பது ஒரு மதிப்பெண் கேள்வி. கூடுகிற இடமோ சில சமயம் அதே பள்ளியின் வேப்பமரத்தடி.

விவாதத்துக்கு ஆசிரியர் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. சாதியைப் பற்றி வகுப்பில் பேச்செடுத்தால் மாலையில் யார் வீட்டார் வந்து நிற்பார்கள் என்று தெரியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் உடன் படிக்கும் மாணவர்களே ஒரு பட்டியல் சாதி மாணவனை வீடு புகுந்து வெட்டிய பிறகு அரசு அமைத்த ஒரு நபர் குழு, நீதிபதி கே. சந்துருவின் தலைமையில், 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் வண்ணக் கயிறு கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது, வகுப்பில் அகர வரிசைப்படி உட்காரவைக்க வேண்டும் என்று பல பரிந்துரைகள். பலரும் கயிற்றைப் பற்றிச் சண்டை போட்டார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது உட்காரும் வரிசை. பெயரின் முதலெழுத்து யாரைப் பக்கத்தில் கொண்டுவந்து உட்காரவைக்கும் என்று சொல்ல முடியாது. அதுவும் ஒரு வகை உத்தி பிரித்தல்தான்.

பக்கத்தில் யார் உட்காரலாம் என்ற சண்டை புதுக்கோட்டைக்குப் பழையது. 1904 வாக்கில் மன்னர் கல்லூரியில் முத்துலட்சுமி என்ற பெண் சேர விண்ணப்பித்தபோது பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதைத் தள்ளிவிட்டு இடம் கொடுத்தார். அந்தப் பெண் மருத்துவராகி, 1927இல் சென்னை சட்ட மேலவைக்குள் நுழைந்தது எல்லாருக்கும் தெரியும். அவரோடு அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்த பையன்கள் என்ன கற்றார்கள் என்பதைப் பற்றி யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. அவர்களுக்கும் அது பாடம்தான்.

இதே மாவட்டம் 1991–92இல் ஊரோடு சேர்ந்து குடிமைப் பாடம் படித்தது. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் எழுத்தறிவுக்காக நடந்த அறிவொளி இயக்கம் அது. ஆயிரக்கணக்கில் பெண்கள் எழுத்தோடு சைக்கிளையும் கற்றார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதை எழுதப்போக, ‘ஜஹா(ங்) பஹியா ஹை’ என்ற தலைப்பில் வட நாட்டு எட்டாம் வகுப்பு இந்திப் புத்தகத்தில் பல ஆண்டுகள் பாடமாக இருந்தது. நம் பிள்ளைகளின் எந்தப் புத்தகத்தைவிடவும் அவர்கள் புத்தகத்தில் புதுக்கோட்டைப் பெண்ணின் சைக்கிள் அதிகம் ஓடியிருக்கும். புதுக்கோட்டை அறிவொளியை ஊர்களில் தங்கி ஆராய்ந்த மானுடவியலாளர் பிரான்சிஸ் கோடி, 2013இல் வந்த தன் நூலில் ஓர் அத்தியாயத்தையே கையெழுத்துக்கு ஒதுக்குகிறார். கைநாட்டு வைத்தவர்கள் கையெழுத்துப் போட்டு, மனுவைத் தூக்கிக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகிற காட்சி அதில் வருகிறது. இதில் நம் பொருளுக்கு வேண்டிய சேதி ஒன்று உண்டு: சாயங்காலம் விளக்கைச் சுற்றி அம்மா எழுத்துக் கூட்டியபோது மடியில் பிள்ளை இருந்தது. பெரியவர்கள் கற்பதையும் தயங்குவதையும் பிறகு துணிவதையும் பிள்ளை பார்ப்பது எந்த நீதிக்கதையைவிடவும் பலமுள்ளது. அறிவொளி அணைந்த பிறகு அந்தக் காட்சியைக் கொடுக்க நம்மிடம் வேறொன்று வரவில்லை.

பதினான்கு, பதினைந்து வயதில் சிக்கல் இன்னொரு பக்கம் திரும்புகிறது. இப்போது பிள்ளைக்கு ஊர் விவகாரம் புரியும். அதில் இடம் கேட்கும். நாம் கொடுப்பது பேரணி. வெயிலில் பதாகையைக் கொடுத்து நடக்கவிட்டு, முன்வரிசையில் அதிகாரிகள் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். யுனிசெஃப் அமைப்புக்காக ரோஜர் ஹார்ட் 1992இல் எழுதிய சிறு நூலில் பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாகப் பிரித்தார். கீழ் மூன்று படிகள் ஏமாற்றிப் பயன்படுத்துவது, அலங்காரமாக வைப்பது, பேருக்குச் சேர்ப்பது. இந்த மூன்றையும் பங்கேற்பே இல்லை என்று ஒதுக்கிவிட்டார். நம் விழிப்புணர்வுப் பேரணிகளில் பெரும்பாலானவை இரண்டாம் படியைத் தாண்டுவதில்லை.

2017 பிப்ரவரியில் இதே மாவட்டத்து நெடுவாசலில் நடந்ததை இந்த ஏணியில் எங்கே வைப்பது? ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவைக் குழு ஒப்புதல் கொடுத்த மறுநாளே அங்கே போராட்டம் தொடங்கியது. பந்தலில் மாணவர்களும் உட்கார்ந்தார்கள். பிள்ளைகளைத் தூண்டிவிடுகிறார்கள் என்ற குரல் உடனே கேட்டது. சில பிள்ளைகள் அப்பா அம்மா போனதால் போயிருப்பார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் வளரும் தன் வீட்டு வாழையும் தென்னையும் என்னாகும் என்று கேட்க ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு யார் தூண்டல் வேண்டும்? 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தபோது, நெடுவாசல் இருக்கும் திருவரங்குளம் உட்பட புதுக்கோட்டையின் ஐந்து ஒன்றியங்கள் அதில் சேர்ந்தன. பந்தலில் இருந்த பிள்ளைகளுக்குச் சட்டம் என்பது இப்போது புத்தகச் சொல்லாக இருக்காது.

எல்லாப் பிள்ளையும் போராட்டப் பந்தலுக்குப் போக வேண்டியதில்லை. அன்றாடத்தில் ஒரு நாற்காலி இருக்கிறது. யாரும் உட்காராமல் கிடக்கிறது. கல்வி உரிமைச் சட்டம், 2009, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள் என்று சொல்கிறது. மத்திய அரசு 2010இல் கொடுத்த மாதிரி விதிகளில் மீதிக் கால் பங்கில் ஒரு பகுதி உள்ளூர்க் கல்வியாளருக்கோ அந்தப் பள்ளியின் பிள்ளைகளுக்கோ உரியது. யாரென்று குழுவின் பெற்றோர் முடிவு செய்யலாம். தமிழ்நாட்டில் 2022இல் இந்தக் குழுக்களை 20 பேர் கொண்டவையாகப் புதிதாக அமைத்தபோது பிள்ளைகளின் பேச்சே எழவில்லை. புதுக்கோட்டையில் ஏறத்தாழ ஐந்நூறு ஊராட்சிகள் இருக்கின்றன. ஊருக்கு ஒரு பள்ளி, எட்டாம் வகுப்பிலிருந்து ஆணும் பெண்ணுமாக இருவர் என்று வைத்தாலே எவ்வளவு பேர்!

சிறுபிள்ளைகள் நிதி விஷயத்தில் என்ன பேசுவார்கள் என்பார்கள். நிதியைப் பேச வேண்டாம், தீர்மானத்தில் கையெழுத்தும் போட வேண்டாம். அவர்கள் முதலில் எடுக்கப்போவது கழிப்பறைக்குத் தண்ணீர் வராததைத்தான். அதைப் பற்றி அந்த அறையில் அவர்களைவிட அதிகம் தெரிந்தவர் யாரும் இல்லை. ஆகட்டும், பார்க்கலாம் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்வோம். அடுத்த மாதக் கூட்டத்தில் அதே பிள்ளைகள் வந்து உட்கார்ந்து, “போன தடவ சொன்னோமே, என்ன ஆச்சு?” என்று கேட்பார்கள். அந்த இடத்தை இத்தனை வருஷம் நிரப்பாமல் வைத்திருப்பது இந்தக் கேள்விக்குப் பயந்துதானோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.